கபிலர் காட்டும் வேட்டை நாய்

சங்கப் பாட்டுகளில் வரும் விலங்குகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. யானைக்கும் புலிக்கும் உரையாசிரியரும் ஆய்வாளரும் தந்த இடம் பெரிது. நாய்க்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை. வேட்டுவன் வந்தால் உடன் நாயும் வரும். வில்லும் அம்பும் போல அதுவும் அவன் கருவிகளுள் ஒன்று என்று கொண்டு மேலே செல்வதே நம் வழக்கமாக உள்ளது. இவ்வழக்கத்தால் கபிலரின் பாட்டு ஒன்று அரைகுறையாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது என்பது எம் கருத்து. அப்பாட்டு அகநானூற்று மணிமிடை பவளத்தில் 248ஆம் எண்ணில் நிற்பது. அகநானூற்றின் முதல் 90 பாட்டுகளுக்கே பழைய உரை கிடைத்துள்ளமையால், இதற்குப் பழையோர் கொண்ட பொருள் யாது என்று அறியும் வாய்ப்பு நமக்கு இல்லை.

நாய் காட்டு விலங்கோடு மோதும் இடங்கள் பாட்டும் தொகையும் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நள்ளிரவில் நீர்நிலையருகே குழியில் ஒளிந்து பன்றியின் வரவு பார்த்திருப்பர். அவ்வேட்டம் வாய்க்காதவிடத்துப் பகலில் நாயோடு புதர்களை அடித்து, வலைகட்டி, முயலை வளைத்துக்கொள்வர். இரவு வேட்டத்தில் நாய் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒளிந்திருப்பானுக்கு நாய் இடையூறு. வளைப்பானுக்கோ அது இன்றியமையாதது. வேட்டையின் முறை அறிந்தவரே இவ்வேறுபாட்டைத் தவறாது பாட இயலும். அந்நூலிலேயே நாய் பிடித்துத் தந்த சூல் உடும்பு விருந்தினர்க்குப் பொரித்த கறியாகிறது. மலைபடுகடாத்தில் பெண்நாய் துரத்திப் பற்றிய தசையோடு முள்ளம்பன்றியின் நிணம் கலக்கிறது. நற்றிணை 285ஆம் பாட்டில் முள்ளம்பன்றி ஏற்றையொடு வீடு திரும்பும் கானவனைச் சுற்றி முற்றத்து நாய்கள் களித்தாடுகின்றன. அகநானூறு 182இல் கபிலரே, நாய் பின்வர வேட்டம் சென்ற குறவன் முள்ளம்பன்றியை வீழ்த்தக் காட்டுமல்லிகைப் புதர் குருதியொடு அசையும் காட்சியைத் தருகின்றார். புறநானூறு 33இல் நாயுடை வேட்டுவன் மான்தசையைக் கொண்டுவந்து உழவரிடம் நெல் பெறுகின்றான். இவற்றுள் எல்லாம் வெற்றி மனிதன் பக்கமே. நாய்க்கு வடு இல்லை. முள்ளம்பன்றியை நெருங்கிய நாய் முகத்தில் முள் தைக்காமல் மீள்வது அரிது என்பதை அறிந்தவர்க்கு இம்மௌனம் வியப்பளிக்கும். (அவ்விலங்கு முள்ளை எய்வதில்லை, பின்னோக்கிப் பாய்ந்து குத்துவதே அதன் இயல்பு. எய் என்னும் பெயரே மக்களின் பழைய நம்பிக்கையைக் காத்து வைத்துள்ளது.)

இப்பாட்டு ஒன்றே வேறுபடுகிறது. இதனை யாம் மீண்டும் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு வகுப்பறை வினா. புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலிருந்து எம்மிடம் பயில வரும் மாணவர் பலர் உழவர் குடியினர். சங்கராபரணியும் தென்பெண்ணையும் வளம்படுத்தும் அந்நிலம் மருதம் என்றே எவரும் கூறுவர். ஆயினும் வயலும் ஏரியும் சூழ்ந்த ஊர்ப்புறங்களில் புதரும் பனங்காடும் இருந்தன. முயலும் உடும்பும் நரியும் இருந்தன. உடும்பு ஓடும் இடம், ஆமை தவழும் இடம் என்று நிலக்கொடையை அளந்து கூறுவது பல்லவர், சோழர் செப்பேடுகளில் பயின்ற வாய்பாடு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டால் பெயர்பெற்ற வித்தியாத்தானம் இருந்த ஊர் பாகூர். கல்வியும் கழனியும் செழித்த ஊர்ப்புறத்திலும் உடும்புக்கு இடமிருந்தது என்று கொள்வதில் தடையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. ஆனால் நாயோடு முயல் வளைத்த நினைவு முதியோர் பேச்சில் எஞ்சியுள்ளது.

அப்பகுதி மாணவர் ஒருவர், யாம் இப்பாட்டைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து, "ஐயா, அந்த நாய் பிழைத்ததா?" என்று கேட்டார். வகுப்பில் சிலர் நகைத்தனர். யாமும் விடை கூறாது அடுத்த அடிக்குச் சென்றோம். வினா பொருத்தமற்றது என்று அன்று கருதினோம். அக்கருத்து பிழை என்பதை உணரச் சில நாள் ஆயிற்று.

பாட்டின் செய்தி இது. தோழி தலைவியிடம் நகைப்பிற்குரிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லத் தொடங்குகின்றாள். நேற்றிரவு நடந்தது அது. சொல்லத் தொடங்கியவள் முதலில் தலைவனின் மலைநாட்டைப் பாடுகின்றாள். அங்கே ஒரு பன்றி வலிய நாயை எறிகிறது. தன் குட்டிகளை அணைத்துக்கொள்கிறது. நெருங்கிய இளையரைத் தடுத்து மடக்குகிறது. பெண்பன்றி தன் கிளையோடு தப்பிச் செல்லும் பொருட்டுக் காட்டின் இடுக்கு வழியில் ஆளை எதிர்நோக்கி நிற்கிறது. அணுகிய கானவன் அம்பைத் தொடுத்துவிட்டான். தன் படை பின்னிட்ட போதும் தான் பின்னிடாது குறுவழியை அடைத்து நின்ற தம் தலைவனை அப்பன்றி நினைவூட்டுகிறது. அம்பை விடாமலே அவன் திரும்பிச் செல்கின்றான். அத்தகைய மலைநாடன் நேற்றிரவு வந்தான். முட்புதரில் சிக்கி அறுந்த மாலை, காளையின் திமிலில் கிடந்து அசையும் கயிறு போலத் தோளில் அசைய, இல்லின்கண் நின்றான். அன்னை கண்டாள். உடனே தோழியின் முகத்தைப் பார்த்தாள், 'நீ நல்லவள்தான்' என்னும் கருத்துப்பட ஒரு சொல் சொன்னாள், நகைத்துக்கொண்டு அகன்றாள்.

கானவன் எய்யாது திரும்பிய பகுதியை மறம் மறத்தை மதிக்கும் பண்பாட்டிற்குச் சான்றாகக் காட்டுவது பெருவழக்கு. அது பொய்யன்று. ஆனால் அவ்வளவில் நின்றால் பாட்டின் முற்பாதி ஒரு வீரக்கதையாகவும் பிற்பாதி ஒரு நகைக்கதையாகவும் பிரிந்துவிடுகின்றன. இரண்டையும் கட்டும் கயிறு எது? அதனைத் தேடுவார் பலரும் பன்றியிடமும் கானவனிடமும் நின்றுவிட்டனர். பாட்டோ நாயில் தொடங்குகிறது.

எறிதல் என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். வீசுதல், வெட்டுதல், அடித்தல் எனப் பல பொருள்பட அது வழங்கும். பன்றியின் தொழிலாகக் கொள்ளுங்கால் அது கோட்டால் கீழிருந்து மேலாகக் கிழித்துத் தூக்கியெறிதலாகும். வேட்டை நாய் பன்றியை நேர்நின்று பற்றுவது குறைவு. வளைத்துக் குரைத்து, ஆள் வரும்வரை நிறுத்தி வைப்பதே அதன் தொழில். நெருங்கிவிட்ட நாயின் வயிறும் தொடையும் கிழிபடும். நாய் இறந்தது என்றோ பிழைத்தது என்றோ அச்சொல் முடிவு செய்வதில்லை. புலவர் விடை கூறாது விட்டிருக்கின்றார். மாணவரின் வினாவுக்கு நேர்விடை இதுவே. ஆனால் இவ்வினாவே நம்மை அடுத்த வினாவிற்குக் கொண்டுசெல்கிறது: முதல் வினையெச்சத்திலேயே வீழ்த்தப்பட்டு, பின் ஒருகாலும் பேசப்படாத இந்நாய் எதற்காக வந்தது?

விடை இரவுக்குறியின் இயல்பில் உள்ளது. தலைவன் இரவில் வருதற்கு உள்ள தடைகளைப் பரணர் அகநானூறு 122இல் அடுக்கிக் கூறுவார். ஊர் உறங்கினால் அன்னை உறங்காள். அன்னை உறங்கினால் காவலர் உறங்கார். காவலர் உறங்கினால் நாய் குரைக்கும். பின்னும் நிலவு, கூகை, கோழி என அது நீளும். நாய், காவலர், அன்னை மூன்றும் இல்லின் அரண்கள். காவலரைப் பரணர் அங்கே இளையர் என்னும் சொல்லாலேயே சுட்டுகின்றார். இவ்வடுக்கை மனத்திற்கொண்டு கபிலரின் பன்றியிடம் திரும்புக. அது முதலில் எறிவது நாயை. அடுத்து மடக்குவது இளையரை. இறுதியில் எதிர்ப்படுவது கானவனை. தலைவனும் நாயைக் கடந்தான், இளையரைக் கடந்தான், இறுதியில் அன்னையின் கண்முன் நின்றான். கானவன் எய்யாது பெயர்ந்தான். அன்னையும் ஒன்றும் செய்யாது பெயர்ந்தாள். பெயர்தல் என்னும் வினை இருவர்க்கும் ஒன்றாகவே ஆளப்பட்டிருப்பது தற்செயல் ஆகாது. நாயை நீக்கிவிட்டால் இவ்வடுக்கின் முதற்படி சரிந்துவிடும். உள்ளுறை முழுமை பெறாது.

நாயையும் இளையரையும் சேர்த்து எண்ணுவது கபிலர்க்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் புனங்காக்கும் மகளிரைத் தலைவனின் வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன. அந்நாய்களுக்கு அவர் கூறும் உவமை, பகைவரைப் புறங்கண்ட வேலேந்திய இளைஞர். மகளிர் நடுங்கி எழ, தலைவன் பின்னர் ஒரு கிளையை ஓச்சி அவ்வாரவாரத்தை அடக்கி நிற்கின்றான். அங்கே நாய் தலைவன் பக்கத்தது. காதலுக்கு வாயில் திறப்பது. 248ஆம் பாட்டிலோ அது எதிர்ப்பக்கத்தது.

இக்கருத்திற்கு ஒரு தடை எழக்கூடும். பன்றி தன் இடத்தில் நின்று தாக்குதலைத் தடுக்கிறது. தலைவனோ பிறர் இல்லில் புகுந்தவன். காப்பதும் புகுவதும் ஒன்றாகுமோ? இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. யாம் கூறுவது, கபிலர் வருகையை உவமிக்கவில்லை, நிலையை உவமிக்கின்றார் என்பதே. அம்பு தொடுத்தான் முன் பன்றி நின்றது, அன்னை முன் தலைவன் நின்றான், இருவரும் ஓடவில்லை. கிழிந்த மாலை அவன் வழியில் பட்ட இடரைக் காட்டுகிறது. திமிலில் கயிறு அசையும் காளை உவமையும் அவனை மீண்டும் விலங்கின் பக்கத்திலேயே நிறுத்துகிறது. அன்றியும், முதிர்ந்த ஆண்பன்றி இனச்சேர்க்கைக் காலம் ஒழிந்தபோது பெரும்பாலும் தனித்துத் திரிவது என்பர் விலங்கியலார். பெண்பன்றியும் குட்டிகளும் சூழ ஆண் நின்று காக்கும் காட்சி காட்டில் எளிதிற் காணத்தக்கது அன்று. 'கண்டதைக் கண்டவாறு பாடினர்' என்று சங்கப் புலவர் அனைவர்க்கும் நாம் வழங்கும் சான்றிதழ் ஈண்டுப் பொருந்தாது. கபிலர் இக்காட்சியைத் தம் பொருளுக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்டார். தலைவியைக் கைவிடாது நிற்பான் என்னும் குறிப்பைக் கிளை காக்கும் ஆண்பன்றி தருகிறது. சிறைப்புறத்தே நின்று கேட்கும் தலைவன்பால் தோழி எதிர்பார்ப்பதும் அதுவே.

இன்னும் ஒன்று. கானவன் ஏன் திரும்பினான் என்பதற்குப் பாட்டு தரும் காரணம், படை போனபின் தனித்து நின்ற தலைவனின் நினைவு. பன்றியின் கிளை போயிற்று. அது தனித்து நிற்கிறது. ஆனால் கானவனின் படையும் உடைந்துவிட்டது என்பதை மறத்தலாகாது. நாய் எறியப்பட்டது, இளையர் மடக்கப்பட்டனர், இடுக்கு வழியில் அவனும் தனியன். தன் நிலையையே எதிரில் கண்டவன் அவன். இதனை அருள் என்று கூறுவாரும் வீரமரபு என்று கூறுவாரும் உளர். இரண்டினும் இது நுண்ணிய உணர்வு. எறியப்பட்ட நாயை நினைவில் வைத்திருப்பார்க்கே இது புலப்படும். தன் நாயை எறிந்த பன்றியை ஒருவன் எய்யாது விடுவது எளிய செயலன்று என்பதைப் பாகூர்ப் பக்கத்து மாணவர் உணர்ந்திருந்தார், யாம் உணரவில்லை.

தமிழ் மரபிலக்கணமும் நாயையும் பன்றியையும் சேய்மையில் வைக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரை விதிக்கிறது. குட்டி, பறழ் என்பனவற்றையும் அவற்றிற்கு விலக்கவில்லை. பன்றி, புல்வாய், நாய் மூன்றன் பெண்ணுக்கும் பிணவு, பிணவல் என்பன பொதுப்பெயர். வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் ஒரே பெயரால் வழங்கின. கபிலர் பன்றியின் குட்டியைப் பறழ் என்றும் பெண்ணைப் பிணவல் என்றும் சொல்லும்போது, அச்சொற்கள் அதே பாட்டின் முதலில் வீழ்ந்த நாயின் இனத்திற்கும் உரியவை என்பதைக் கேட்போர் அறிவர். இதனைப் புலவர் கருதியே செய்தார் என்று அறுதியிட்டுரைக்க யாம் துணியவில்லை. மொழி அந்நெருக்கத்தைத் தன்னுள் வைத்திருந்தது என்பது மட்டும் உறுதி.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் ஈண்டு நினைக்கத்தக்கது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைப் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்திக்கு நாட்டப்பட்ட அக்கல்லில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் உருவம் பெற்றது, பெயரும் பெற்றது. அகப்பாட்டில் தலைவனுக்கே பெயர் இல்லையாதலின் நாய்க்குப் பெயர் கேட்பது முறையாகாது. ஆயினும் கல்லெழுதியோர் நாயை வீரனுக்கு அருகே நிறுத்தினர் என்பது, பாட்டில் அதனைக் கருவியாக மட்டும் எண்ணும் நம் பழக்கம் பழந்தமிழர் பழக்கம் அன்று என்பதற்குச் சான்றாகும்.

கபிலரின் மற்றொரு பாட்டாகிய அகநானூறு 318 இதற்கு மறுபுறம் போல அமைந்துள்ளது. யானை வழங்கும் வழியில், இடி முழங்கும் இரவில் வந்து மீளும் தலைவனிடம் தோழி ஒன்று வேண்டுகின்றாள். வேட்டையில் மலைச்சாரலெங்கும் பிரிந்து ஓடிய நாய்களை அழைக்க அவன் ஊதும் கொம்பு ஒன்று உண்டு. தன் ஊர் சேர்ந்ததும் அதனை ஒருமுறை ஊத வேண்டும் என்கின்றாள். நாய்க்குரிய அவ்வொலி கேட்டால், அவன் பிழைத்தான் என்று இங்குள்ளோர் அறிந்துகொள்வர்.