புறநானூற்றில் பரிசிலும் தொழிற்பெருமிதமும்

புறநானூற்றில் பரிசில் வேண்டி எழுந்த பாட்டுக்களை இரப்புப் பாட்டு என ஒதுக்குவார் சிலர் உளர். புரவலனைப் புகழ்ந்து பொருள் பெற்றமையின் புலவர்தம் சொல் விலைபோன சொல் என்பது அவர்தம் கூற்றின் சாரம். உ. வே. சாமிநாதையர் 1894-இல் இந்நூலை அச்சேற்றிய பின்னர்ப் புலவர் வறுமையை விரித்துரைத்தார் பலர். பாடுதலை ஒரு தொழிலாகவும், பரிசிலை அத்தொழிலின் பயனாகவும் வைத்து நோக்கினார் மிகச் சிலரே. அங்ஙனம் நோக்கின், பொருள் பெற்றுச் செய்யும் தொழிலில் ஒருவன் தன் மதிப்பை எங்குக் காண்கிறான் என்னும் வினாவிற்கு இப்பாட்டுக்கள் தரும் விடை வியப்பிற்குரியது. திங்கள்தோறும் ஊதியம் பெறும் கல்லூரி ஆசிரியனை இரவலன் என்று எவரும் கூறுவதிலர். பெருஞ்சித்திரனாரை மட்டும் அங்ஙனம் கூறத் துணிவது என்ன முறையோ!

பெருஞ்சித்திரனார் பாட்டுக்களையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். 208-ஆம் பாட்டில், குன்றும் மலையும் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வருகின்றார். அவனோ நேரிற் காணாமலே பொருளை விடுக்கின்றான். புலவர் அதனைக் கொள்ள மறுக்கின்றார். தம்மைக் காணாது ஈந்த பொருளைப் பெறுதற்குத் தாம் வாணிகம் செய்வார் அல்லர் என்பதும், தம் கல்வியின் அளவறிந்து விடுப்பின் தினையளவேயாயினும் அது இனிது என்பதும் அவர் கூறும் காரணங்கள். பாட்டின் அடியிலுள்ள குறிப்புக்கள் தொகுத்தோர் காலத்தன. அவற்றை முழுதும் நம்புதல் கூடாது என்பாரும் உளர். ஆயின் ஈண்டுக் குறிப்பின் துணை வேண்டுவதில்லை. காணாது கொடுத்தான் என்ற செய்தி பாட்டினுள்ளேயே கிடக்கின்றது.

இதனை வெறுஞ் செருக்கு என்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அதே புலவர் குமணனைப் பாடிய 159-ஆம் பாட்டைக் காண்க. உயிர் போகவில்லையே எனத் தன் முதுமையை வெறுத்துக் கோலூன்றி நடக்கும் தாய். குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறும் இன்றி உண்ணும் மனைவி. இவர்கள் மகிழப் பொருள் வேண்டும் என்கின்றார். அடுத்த பாட்டில் பாலற்ற முலையை விட்டுச் சென்ற குழந்தை வெறுங்கலத்தைத் திறந்து நோக்கி அழுகின்றது. இத்துணை வறுமையினிடையே நின்றுதான், முகமாறித் தரும் பரிசில் கொல்களிறாயினும் கொள்ளேன், உவந்து தருவது குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்கின்றார். ஓரிடத்துத் தினை, ஓரிடத்துக் குன்றி. இவ்விரண்டும் பொருள் சிறிதாதலைப் பொறுக்கும் ஒருவனைக் காட்டுகின்றன. அவன் பொறாதது ஒன்றே: தன் தொழிலை அளந்தறியாதவன் கையிலிருந்து வரும் கூலி.

எனினும் இங்கு ஒரு தடை எழும். மறுத்தற்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? 162-ஆம் பாட்டில் இளவெளிமான் தந்த சிறுபரிசிலை மறுத்துச் சென்ற இப்புலவர், குமணனிடம் யானை பெற்றுவந்து, இளவெளிமான் ஊர்க் காவல்மரத்திற் கட்டிச் செல்கின்றார். குமணன் இல்லையேல் அந்த யானை இல்லை. யானை இல்லையேல் அந்தப் பெருமிதத்தைக் கட்டிவைக்க மரமும் வேண்டுவதில்லை. பெருமிதம் முழுதும் உள்ளத்தினின்றே எழுவது என்பார் இதனைக் கருதுதல் வேண்டும். மாற்றுப் புரவலன் ஒருவன் இருந்தமையும் அதற்கொரு காரணமே.

ஔவையார் இத்தடைக்கு விடை கூறுவார் போன்று 206-ஆம் பாட்டைப் பாடியுள்ளார். பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று, கோடரியொடு காடு புகும் தச்சன் மக்களைத் தம்மவர்க்கு உவமை ஆக்குகின்றார். அவர்க்கு எந்தக் காடும் உதவும். தமக்கும் எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பது கருத்து. ஈண்டுப் புரவலன் மரமாகின்றான்! கைத்திறன் கோடரியாகின்றது. அதியமான் இதனைக் கேட்டிருப்பின் எங்ஙனம் உணர்ந்திருப்பானோ அறியோம். இவரே 87-ஆம் பாட்டில், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கினார். கூலிக்கு எட்டுத் தேரே போதும். அந்தத் திங்கள் முழுதும் தச்சன் தன் தொழிலுக்கே அளித்தது. ஒரு பாவலரே அதனைக் கண்டு மதித்தது, ஒரு தொழிலாளியை மற்றொரு தொழிலாளி அறிந்தமை என்று கொள்ளுதல் தகும்.

இந்த அறிதல் எல்லார்க்கும் கிடைத்ததா என்பது வேறு வினா. 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார், போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்குக் கட்டில் பின்னுவோன் ஒருவனது ஊசியை உவமை கூறுகின்றார். ஊரில் விழா, மனைவிக்குப் பேற்று நோவு, மழை, ஞாயிறும் மறைகின்றது. அவன் கை விரைகின்றது. இத்துணை நுட்பமாகத் தொழிலையும் தொழிலாளியின் நெஞ்சையும் கண்ட புலவர், அவனை இழிந்தோன் என்னும் பொருள்பட்ட சொல்லாலேயே சுட்டுகின்றார். அளவறிந்து தருக எனப் பெருஞ்சித்திரனார் கேட்டது போல அவன் கேட்டானா, கேட்டற்கு ஒரு வாயில் அவனுக்கு இருந்ததா என்பதற்குப் பாட்டில் இடமில்லை. அவன் பெற்ற கூலி இன்னதென்றும் கூறப்படவில்லை. ஊசி விரைந்ததொன்றே நமக்குக் கிடைத்திருக்கின்றது.