ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே

தேனிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கும் கீபோர்டுக்காரருக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டு ஒன்றுதான்: “அப்படியே ரெக்கார்டுல கேக்குற மாதிரியே இருந்துச்சு தம்பி.” வசவும் அதே தராசில்தான் நிறுக்கப்படும்: “என்னமோ பாடுறாய்ங்க, ரெக்கார்டு மாதிரி இல்லையே.” போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையடிவாரத்தில் வரிசையாகக் கிடக்கும் ஊர்களில், வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு ராத்திரியில் வாத்தியம் வாசித்த இரண்டு மூன்று தலைமுறைக்காரர்களை உருவாக்கியது இந்த ஒற்றை வாக்கியம். பிறகு அவர்களை ஓரங்கட்டியதும் அதுதான் என்பது என் எண்ணம்.

இந்த அளவுகோல் எப்போதும் இருந்ததல்ல. 1950களில் இந்தப் பள்ளத்தாக்கின் பேர்போன மேடை பண்ணைப்புரம் பாவலர் வரதராசனுடையது. அதைக் கச்சேரி என்பதைவிடக் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டம் என்பதே சரி. ஓர் ஆர்மோனியம், ஒரு தோல்வாத்தியம், கூடப் பாடத் தம்பிகள். மெட்டு நாட்டுப்புறத்திலிருந்து வரும், அல்லது சனங்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டிலிருந்து வரும். சொல் மட்டும் பாவலருடையது. விலைவாசி, கூலி, பண்ணையார், மந்திரி எல்லாம் அதில் வந்துவிடும். தெரிந்த மெட்டில் தெரியாத சொல் வரும்போது கூட்டம் காதைத் தீட்டும். அதுதான் அந்த மேடையின் சூட்சுமம். பாட்டு ரெக்கார்டு மாதிரி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ரெக்கார்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறது என்பதில்தான் ருசியே இருந்தது.

1958இல் மலைக்கு மேலே தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயிருந்தன. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளில் பெரும்பகுதி தமிழர்கள். கேரளத்தை அப்போது ஆண்டது ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு. பாவலர் அங்கே போய்ப் பாடினார். கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாட்டுக்காரன் தேர்தலில் வாக்குச் சேகரிப்பது தமிழ்நாட்டில் அதிசயமில்லை. ஆனால் பிரச்சாரம் செய்தவர் சினிமாக்காரர் அல்லர், அடிவாரத்துக் கிராமத்தார் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாவலரின் குழுவில் பதினான்கு வயதில் சேர்ந்த தம்பி ராசையாவின், அதாவது பின்னாளைய இளையராஜாவின், கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து ஆர்மோனியத்தைத் தொட்டதற்குப் பிரம்படி பட்டது, சின்ன வயதில் பெண்குரல் பாடியது, குரல் உடைந்ததும் வாத்தியத்துக்குப் போனது. இந்தப் பக்கத்து மேடைக்காரர்கள் பலருக்கு இதே வரலாறு உண்டு, அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கும் இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வாசிக்க வாசிக்கக் கைதட்டல் கூடியது, கூடக்கூடத் தலைக்கனமும் ஏறியது. பிறகு ஒருநாள், இந்தக் கைதட்டல் தனக்கல்ல, வாசித்த பாட்டுக்கு மெட்டுப் போட்ட விஸ்வநாதனுக்கு என்று உறைத்தது. மேடையேறும் எந்த ஊர்க் குழுவுக்கும் ஒருநாள் இது உறைக்கத்தான் செய்யும். பெரும்பாலோர் அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள். சமாதானமாகாதவர் ஒருவர் இங்கிருந்து போனார்.

போன வழியையும் சொல்ல வேண்டும். வீட்டு ரேடியோவைத் தாயார் சின்னத்தாயம்மாள் 400 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்த காசில் சகோதரர்கள் 1960களின் இறுதியில் சென்னைக்கு வண்டியேறினார்கள். பண்ணைப்புரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலைபார்த்து, ஊர்களில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த அல்லிநகரத்துப் பாரதிராஜா அவர்களுக்கு ஏற்கெனவே கூட்டாளி. சென்னையிலும் வாழ்க்கை மேடையில்தான் தொடர்ந்தது. வளர்ந்துவரும் பாடகராக இருந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் ராஜா கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தார், சகோதரர்களில் பாஸ்கர் தாளம், கங்கை அமரன் கிட்டார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் முதல் பாட்டுப் பதிவு தொடங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்பது சினிமா உலகில் புகழ்பெற்ற சகுனக் கதை. கம்பத்துப் பக்கத்து மேடைகளில் வாசித்துப் பழகியவருக்கு அது புதிதாகவே இருந்திருக்காது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ‘அன்னக்கிளி’க்கு முன்னால் ஊர்க் குழு என்றால் ஆர்மோனியம் அல்லது அக்கார்டியன், தபேலா, பாங்கோஸ், ஒரு புல்லாங்குழல். இவற்றை வைத்துக்கொண்டு விஸ்வநாதன் பாட்டை ஓரளவு கரையேற்றிவிடலாம். மெட்டு முன்னால் நிற்கும், வாத்தியங்கள் பின்னால் வரும். ராஜாவின் பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. பேஸ் கிட்டார் தனி வழியில் இன்னொரு மெட்டே பாடிக்கொண்டு போகும். இடையிசையில் வயலின் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று துரத்தும். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப் பாட்டில் கிட்டார் தொடக்கம் தடுமாறினால், பாடகர் வாய் திறக்கும் முன்னே கூட்டம் சிரித்துவிடும். சொந்தப் பள்ளத்தாக்கின் மேடைக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய பரீட்சையை வைத்தவர் அதே பள்ளத்தாக்கின் பழைய மேடைக்காரர். இந்த முரணை நினைத்து நான் பலமுறை ரசித்திருக்கிறேன்.

பரீட்சைக்குப் படித்தார்கள், அதுதான் பெரிய விஷயம். கேசட் வந்தது உதவியாக இருந்தது. டேப் ரெக்கார்டரில் நான்கு விநாடி ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பச் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, அடியில் ஓடும் பேஸை மட்டும் காதால் பொறுக்கி எடுப்பார்கள். பகலில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்தவரும் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்தரும் வாத்தியாரும் ராத்திரியில் செய்த வேலை இது. டேப் ரெக்கார்டர் வேகமாக ஓடிச் சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தால் அதையும் நம்பிப் படித்துவிடுவார்கள், மேடையில் பாடகருக்குக் குரல் எட்டாது. நொட்டேஷன் தெரியாது; கோட்டு நோட்டில் பாட்டு வரிக்கு மேலே அவரவருக்கு மட்டும் புரியும் குறிகள் இருக்கும். இதை வெறும் காப்பி என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை உட்கார்ந்து செய்து பார்க்கட்டும். ஒரு பாட்டின் எலும்பையும் நரம்பையும் பிரித்துப் பார்க்க இதைவிடக் கறாரான பள்ளிக்கூடம் தேனி மாவட்டத்தில் வேறு இருந்ததில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? பாவலருக்குக் கட்சி கொடுத்த மேடையை எண்பதுகளில் கோயில் கமிட்டி கொடுத்தது. மாசியில் தொடங்கி வைகாசி தாண்டும்வரை முத்தாலம்மன், காளியம்மன், மாரியம்மன் பொங்கல்கள் வரிசையாக வரும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மாவட்டமே தீச்சட்டியோடு ரோட்டில் நிற்கும். முதல் ராத்திரி கரகாட்டம், அடுத்தது ‘வள்ளி திருமணம்’, அதற்கடுத்தது பாட்டுக் கச்சேரி என்பது பல ஊர்களில் கணக்கு. தலைக்கட்டு வரி வசூலித்து அட்வான்ஸ் கொடுப்பார்கள். மீதி, கச்சேரி முடிந்த பிறகு. “முடிந்த பிறகு” என்பதுதான் இந்தத் தொழிலின் ஆறாத புண். பேசிய தொகையில் ஒரு பகுதி மைக்செட்டுக்கு, ஒரு பகுதி வேனுக்கு, சென்னையிலோ மதுரையிலோ இருந்து ஒரு டிவிப் பாடகரை வரவழைத்தால் பாதிக்குமேல் அவருக்கு. தபேலாக்காரருக்குக் கடைசியில் மிஞ்சுவது தோல் மாற்றக் காணாது. கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் ஆட்டக்காரர்கள் காரைத் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்து மதுரை ஒரு வருஷம் சிரித்தது. வண்டி தள்ளிய அனுபவம் இல்லாதவருக்கு அந்த நகைச்சுவை வராது.

மேடைக்கு இயற்கையும் ஒரு பங்கு கேட்கும். தமிழ்நாட்டில் காற்றாலைக்குத் தோதான கணவாய்களில் கம்பமும் ஒன்று. ஆனி, ஆடியில் கேரளத்து மழையோடு இறங்கும் அந்தக் காற்று பந்தலைத் தூக்கும், மைக்குக்குள் புகுந்து உறுமும், பாட்டு நோட்டின் பக்கங்களை அதுவாகவே புரட்டும். நோட்டுக்குத் துணி க்ளிப் போடாமல் ஆடியில் மேடையேறும் பாடகர் கற்றுக்குட்டி. மலைமேல் போனால் வேறு கதை. குமுளி, வண்டன்மேடு, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் மாரியம்மன் விழாவுக்குக் கீழிருந்துதான் குழு போகும். கொண்டை ஊசி வளைவுகளில் டிரம்ஸ் உருண்டு, குளிரில் தபேலா இறங்கி, பாதி ராத்திரியில் மலையாளப் பாட்டும் கேட்பார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளிப் பாதை அடைபட்டபோது இந்தப் போக்குவரத்தும் நின்றது. அணை நீர் பற்றி அப்போது எழுதப்பட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. எழுதப்படாததில் குறையும் இல்லைதான்.

பெண்குரல் இந்தக் குழுக்களின் நிரந்தரப் பற்றாக்குறை. பாடத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு, மேடைக்கு அனுப்பும் வீடுகள்தான் இல்லை. ஆகவே ஒரே பாடகி ஒரே வாரத்தில் நான்கு குழுவுக்குப் பாடுவார். கூட அம்மாவோ தம்பியோ வருவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் வீடு திரும்பினால் தெருவே சன்னல் வழியாகப் பார்க்கும். குழுவில் யாருக்கும் மேலாக உழைத்து, யாருக்கும் மேலாகப் பேச்சு வாங்கியவர்கள் அவர்கள். விசில் அடிக்கும் கூட்டத்தை ஒரு பார்வையில் அடக்கி அடுத்த சரணத்தை எடுக்கும் பாடகிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டும்.

கூட்டத்திலிருந்து வரும் சீட்டு இன்னொரு கண்டம். நேயர் விருப்பம் என்று தொடங்கியது மெல்ல மெல்லச் சாதிச் சீட்டாக மாறியது. 1992இல் ‘தேவர் மகன்’ வந்த பிறகு, அதன் ஒரு பாட்டைப் பாடினாலும் வம்பு, பாடாவிட்டாலும் வம்பு என்ற நிலை தென்மாவட்டங்களில் உண்டானது. பாட்டுக்காரர்கள் அதற்குத் தந்திரம் கண்டார்கள்: சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “அடுத்து அம்மன் பாட்டு” என்று அறிவித்துவிடுவது. சாமியை எதிர்த்து யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். போலீஸ் அனுமதியில் சாதிப் பாட்டு கூடாது என்று எழுத்தில் வந்தது பிறகுதான்.

அனுமதியைச் சொன்னதால் நேரத்தையும் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்த கச்சேரி, ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும் நிகழ்ச்சியாகச் சுருங்கியது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரனாக இதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒன்று இழந்தோம். நள்ளிரவு தாண்டி, குழந்தைகள் பாயில் சுருண்ட பிறகு, கூட்டம் பாதியாகக் கரைந்த பிறகுதான் குழு தனக்குப் பிடித்த பாட்டை எடுக்கும். ரெக்கார்டை விட்டு விலகி நாலு ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்துப் பார்க்கும் துணிச்சல் அந்த நேரத்தில்தான் வரும். அந்த நேரம் கடிகாரத்திலிருந்தே போய்விட்டது.

2006இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ டிவிப் பாட்டுப் போட்டி, கூட்டத்தின் காதை இன்னும் கூர்மையாக்கியது. ரெக்கார்டு மாதிரியே வேண்டும் என்றவர்களுக்குக் கடைசியில் ரெக்கார்டே கிடைத்தது. பாடகர் ஒருவர், லேப்டாப்பில் ட்ராக், இரண்டு பெரிய ஸ்பீக்கர். பத்துப் பேருக்குக் கொடுத்த காசு ஒருவரோடு முடிகிறது, சுருதி பிசகாது, வயலின் கூட்டம் அச்சு அசலாகக் கேட்கிறது. கல்யாண மண்டபங்கள் உடனே மாறிக்கொண்டன. 2020இலும் 2021இலும் கொரோனாவால் சித்திரைத் திருவிழாக்கள் நின்றபோது வாத்தியத்தை விற்றவர்களில் பலர் பிறகு திரும்ப வாங்கவில்லை. அந்தப் பழைய பாராட்டு தன் தர்க்கத்தின்படியே நடந்து முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம், பாட்டு யாருடையது என்ற கேள்வி. 2017இல் தன் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. முன்பு ஒரே மெல்லிசைக் குழுவில் நின்ற இருவர் என்பதால் ஊர் உலகமே பேசியது. சட்டப்படி படைத்தவனுக்கு உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கைதட்டல் மெட்டுப் போட்டவனுக்கே என்று இளவயதில் உணர்ந்தவர், காசும் அவனுக்கே என்று முதுமையில் சொன்னார். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ரெக்கார்டுகளிலேயே பாடம் படித்து, அந்த மெட்டுகளை விரல் நுனியில் தூக்கிச் சுமந்த ஊர்க் குழுக்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்று கேட்க அன்று ஆளில்லை.

போன வருஷம் பங்குனியில் அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடகரும் ட்ராக்கும்தான், விழாக் கமிட்டிக்காரர் ஒருவரின் சிபாரிசில் ஒரு வயதான டோலக்காரரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ட்ராக்கிலேயே தாளம் இருந்ததால் அவர் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுச் சரணத்தில் கரண்ட் போனது. பாடகர் மைக்கைப் பார்த்தார். டோலக் நிற்கவில்லை. இருட்டில் அது மட்டும் கேட்க, பாடகர் தொண்டையைத் திறந்து விட்ட இடத்திலிருந்து எடுத்தார், பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து மேடையைச் சுற்றிக் குந்தினார்கள். பெண்கள் பக்கமிருந்து இரண்டு மூன்று குரல் சேர்ந்துகொண்டது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். விளக்கு எரிந்தது, ட்ராக் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.