‘அன்பு ஹார்மோன்’ என்று எழுதுமுன்

கட்டுரைத் தாள்களில் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது. அன்பு செலுத்தும்போது மூளையில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, அதனால்தான் நல்லவர்களாக இருக்கிறோம், இதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்பார்கள். நாமும் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துவிடுகிறோம். அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதை ஊரறியச் செய்த நூல்களுள் முக்கியமானது, அமெரிக்கப் பேராசிரியர் பால் சாக் 2012-இல் வெளியிட்ட ‘தி மாரல் மாலிக்யூல்’. சுவையான நூல்தான், மறுக்க மாட்டேன். தொடக்கமே ஒரு கல்யாண வீடு. இங்கிலாந்தில் நடந்த ஒரு திருமணத்தில், சடங்குக்கு முன்னும் பின்னும் மணமக்களிடமும் உறவினரிடமும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார் சாக். ஆக்ஸிடோசின் அதிகம் ஏறியது மணப்பெண்ணுக்கு. அடுத்து அவருடைய அம்மாவுக்கு. படித்தவுடன் ‘அட, சரியாத்தானே இருக்கு!’ என்று தோன்றும். ஆனால் அது ஒரே ஒரு கல்யாணம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டம் இல்லை. போதாததற்கு, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. இரத்தத்தில் உள்ள அளவை வைத்து மூளைக்குள் என்ன நடந்தது என்று அப்படியே சொல்லிவிட முடியாது. கதையாக நிற்கிறது, சான்றாக நிற்கவில்லை.

நூலுக்கு முதுகெலும்பு வேறோர் ஆய்வு. சூரிக் ஆய்வாளர்களோடு சேர்ந்து சாக் 2005-இல் வெளியிட்டது. மூக்கில் ஆக்ஸிடோசின் தெளிக்கப்பட்ட 29 பேரில் 13 பேர், கையிலிருந்த தொகை முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரை நம்பிக் கொடுத்தார்கள். மருந்தில்லாத போலித் தெளிப்பு பெற்ற 29 பேரில் அப்படிக் கொடுத்தவர்கள் 6 பேர். ஆக, வித்தியாசம் ஏழு பேர்! அந்த ஏழு பேர் மீதுதான் எவ்வளவு பெரிய கோபுரம் எழும்பியது. 2020-இல் 677 பேரை வைத்து, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, திரும்பச் சோதித்தார்கள். ஆக்ஸிடோசின் பொதுவாக நம்பிக்கையைக் கூட்டுகிறது என்ற முடிவு கிடைக்கவில்லை. அந்தக் குழுவில் எர்ன்ஸ்ட் ஃபேரும் இருந்தார். 2005 ஆய்வை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். தன் கண்டுபிடிப்பைத் தானே உரசிப் பார்த்திருக்கிறார். இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

இதற்கிடையே 2011-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு, இதே ஹார்மோன் ‘நம்மாள்’ என்ற சார்பைக் கூட்டலாம் என்றது. அறத்தின் மூலக்கூறு என்று பெயர் வைத்த பிறகு இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எனக்குப் பெரிய உறுத்தல் இதில் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தெளிப்பு உதவும் என்ற நம்பிக்கை பல பெற்றோரிடம் பரவியது. 2021-இல் வெளியான சோதனையில் 3 முதல் 17 வயதுவரையுள்ள 290 பிள்ளைகள் 24 வாரம் பங்கேற்றார்கள். மற்றவர்களோடு பழகும் விதத்தில், போலித் தெளிப்பைவிடக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. ஆட்டிசம் உள்ளவருக்கு ‘அன்பு ஹார்மோன் குறைவு’ என்று ஒரு மாணவர் எழுதினால் அதற்குச் சரி போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் அண்ணனோ அக்காவோ அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரேரி வோல் என்ற எலி இனம் ஜோடி பிரியாமல் வாழ்வதற்கும் ஆக்ஸிடோசின்தான் காரணம் என்று பல காலம் சொல்லப்பட்டது. 2023-இல் மரபணுவைத் திருத்தி, ஆக்ஸிடோசினை உணரும் ஏற்பிகளே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டிகளைப் பராமரித்தன.

அப்படியானால் மாணவர் என்னதான் எழுதுவது? ‘பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பிலும் ஆக்ஸிடோசினுக்கு உறுதியான பங்கு உண்டு, மனித உறவுகளில் அதன் பங்கு சூழலைப் பொறுத்தது, ஆய்வுகள் இன்னும் தொடர்கின்றன’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான். அதற்குத் தாராளமாகச் சரி போடுங்கள்.