பாவசங்கீர்த்தனமும் நம் மூத்தோர் காத்த ஒழுங்கும்

நமது சபையின் பொன்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனத் தலைவரவர்கள் கட்டளையிட்டபோது, நம் மூத்தோர் தங்கள் ஞான ஜீவியத்துக்கு அஸ்திவாரமாகக் கொண்டிருந்த பாவசங்கீர்த்தனத்தையன்றி வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறையாவது என்று விதித்தது கடைசி எல்லையேயன்றிப் பக்தியின் அளவல்ல என்பதில் நம்முள் பேதமில்லை. குருவானவர் எவ்வளவு கண்டிப்புக் காட்டலாம் என்பதிலேதான் மரபுகள் பிரிந்தன. ஜான்சேனியர் பாவப்பொறுத்தலைத் தாமதித்து ஆத்துமங்களைக் கலங்கச் செய்தார்கள், அர்ச். லிகோரியார் தகப்பனாகவும் வைத்தியனாகவும் இருக்கும்படி போதித்தார். ஆரம்பத்தில் கண்டிப்பாயிருந்த ஆர்ஸ் பங்குக் குருவும் பிற்பாடு அவர் வழிக்கே வந்தார்.

நாங்கள் வளர்ந்தது சேசு சபையாரின் நிழலில். முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1580-இலேயே 'கொம்பெசியனாயரு' என்னும் சங்கீர்த்தன நூலைத் தமிழில் அச்சேற்றினாரென்றால், அம்மரபு இதற்குக் கொடுத்த ஸ்தானம் விளங்கும். எனக்கு ஞானோபதேசம் கற்பித்த உபதேசியார், அர்ச். இஞ்ஞாசியார் காட்டியபடி, சிறு நோட்டில் நாளுக்கிரண்டு கோடாக வாரம் முழுவதற்கும் வரைந்து, தாம் திருத்த நினைத்த ஒரே குற்றத்தில் விழுந்த தடவைக்கொரு புள்ளியாக மத்தியானமும் இரவும் குறித்துவைப்பார். அடுத்த வீட்டுக் கொய்யாவைப் பறித்த பையன், அவ்வீட்டாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகே வரிசையில் நிற்கலாம். நஷ்டத்தை ஈடுசெய்ய மனமில்லாதவனுக்கு மனஸ்தாபம் ஏது என்பார்.

இக்காலத்தார் எவரையும் குறைகூறுவது என் நோக்கமல்ல. குருக்களின் வேலைப்பளுவையும் அறிவேன். ஆயினும் நன்மை வாங்குவோர் வரிசை வாசல்வரை நீளுகையில், ஓரிடத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒலிபெருக்கிச் சாமான்களை அடுக்கியிருக்கக் கண்டு நெஞ்சம் பதறினேன். ஆத்தும சோதனையே செய்யாமல், பூசைக்கு முன் ஐந்து நிமிஷத்தில், "எப்போதும் போலத்தான் சாமி" என்று முடித்துக்கொள்வது சங்கீர்த்தனமாகுமா? குடும்ப ஜெபம் நின்றுபோனதும், உடன்பிறந்தார் கோர்ட்டுப் படியேறுவதும், கடன் வாங்கியவன் முகங்கொடாமல் திரிவதும், பிள்ளைகள் பெரியோர் சொல்லுக்கு அடங்காததும், திருநாளென்றால் பந்தலும் வாணவேடிக்கையுமே என்றாகிவிட்டதும் இந்த ஒரே தளர்ச்சியினின்று பிறந்தவையென்றே நான் திடமாக நம்புகிறேன்.

மாதமொருமுறை சங்கீர்த்தனம் என்னும் நமது விதியில் 'கூடுமானவரை' என்ற சொல்லைச் சேர்க்கலாமென்று சிலர் யோசனை கூறுவதாகக் கேள்வி. அதற்கு மூத்தோர் இணங்கலாகாதென்று மிகுந்த பணிவோடு விண்ணப்பிக்கிறேன்.