கையெழுத்து யாரைக் கட்டுகிறது?

2024 டிசம்பரில் ஏ.ஜே. டிபான்ட்சா என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் உட்கார்ந்து, எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஆடப்போகிறார் என்பதை அறிவித்தார். வட கரோலைனா, கான்சஸ், அலபாமா என்ற மூன்று பெரிய பெயர்களைத் தள்ளிவிட்டு அவர் சொன்னது பிரிகம் யங் பல்கலைக்கழகம். யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபை நடத்தும் கல்விக்கூடம் அது. தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளுக்குள் அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. பீனிக்ஸ் சன்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த கெவின் யங் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பையனுக்குக் கிடைக்கவிருந்த தொகை கோடிகளில் பேசப்பட்டது. “பணம்தான் இழுத்துக்கொண்டு போனது” என்று பழைய ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள்.

பணம் வந்ததை நான் குறையாகப் பார்க்கவில்லை. என் கேள்வி வேறு: பதினேழு வயதுப் பையன் எடுக்கும் இந்த முடிவு யாரைக் கட்டுகிறது, யாரைக் கட்டாமல் விடுகிறது?

முதலில் இந்த வழக்கத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அது. தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் அணிதான் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும். மோசமாக ஆடிய அணிகளுக்குக் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். எந்த ஊர் விழுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். கல்லூரியில் அப்படியில்லை. இங்கே தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. அயோவா மாநிலத்துப் பெண் கெய்ட்லின் கிளார்க், பெயர் பெற்ற நோட்ர டாமை விட்டுவிட்டு வீட்டுக்கு அருகிலிருந்த அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் அணி இறுதி ஆட்டம் வரை போனது. 3,951 புள்ளிகளோடு முதல் பிரிவுக் கல்லூரிக் கூடைப்பந்தின் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்று அவர் வெளியேறினார். ஒரு பெண்ணின் தேர்வு ஒரு மாநிலத்தின் மாலை நேரங்களையே மாற்றியது. குலுக்கல் முறையில் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இந்த உரிமை எத்தனை பேருக்கு? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் முதல் பிரிவுக் கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவருக்குள்ளும் நான்கு கடிதங்களை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்பவர் சிலரே. மற்றவர்கள் வந்த ஒரே அழைப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் என்று காலணி நிறுவனங்கள் நடத்தும் கோடைக்காலப் போட்டிகளில்தான் பயிற்சியாளர்களின் கண் படுகிறது. அங்கே இடம் கிடைக்காதவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெயர் வெளியே வருவது கடினம்.

அழைப்பு வந்தபின் நடக்கும் வளாக வருகை ஒரு தனிக்கலை. பல்கலைக்கழகத்தின் செலவில் இரண்டு நாள். உடைமாற்றும் அறையில் பையனின் பெயர் பொறித்த சீருடை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வான். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைப்பதுபோல எல்லாம் பளபளப்பாக இருக்கும். அடுத்த ஆண்டு அவன் ஆடும் இடத்தில் இன்னும் யார் யார் இருப்பார்கள், பயிற்சியாளர் இருப்பாரா என்ற பேச்சு மட்டும் எழாது.

பழைய ஏற்பாட்டின் அநீதி இங்கேதான் இருந்தது. 1964 முதல் நடைமுறையிலிருந்த தேசிய ஒப்புதல் கடிதத்தில் பையன் கையெழுத்திட்டால் அவன் கட்டுண்டான். அதுவும் பல்கலைக்கழகத்தோடு, பயிற்சியாளரோடு அல்ல. தன்னை வீடு தேடி வந்து அழைத்த பயிற்சியாளர் மறுவாரம் கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஊர் போனாலும் கடிதம் செல்லும். மறுபக்கம், 1973-இல் உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதாகச் சுருக்கிவிட்டார்கள். பல ஆண்டு உதவித்தொகை திரும்ப வந்தது 2012-இல்தான். அதாவது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பையன் தந்த வாக்கு முழுசு, அவனுக்குக் கிடைத்த வாக்கு ஓராண்டுக்கு. இதற்கும், ஆட்டக்காரருக்குச் சம்பளம் தராததற்கும் அமெச்சூர் அறம் என்று பெயர். மார்ச் மாதப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை எட்டே ஆண்டுகளுக்கு நீட்டிக்கத் தொலைக்காட்சிகள் 2016-இல் தர ஒப்புக்கொண்டது 880 கோடி டாலர்.

வெளிப்படையாகத் தரக்கூடாத பணம் மேசைக்கடியில் போகும். 2017-இல் எஃப்.பி.ஐ. வெளியே கொண்டுவந்தது அதைத்தான். லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு பையனின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் தர அடிடாஸ் ஆட்கள் ஏற்பாடு செய்திருந்தது வழக்காகி, தண்டனையும் ஆனது. தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ வேலையிழந்தார். அவர்மீது வழக்கு எதுவும் இல்லை, சில ஆண்டுகளில் வேறு கல்லூரிகளில் பயிற்சியாளராகத் திரும்பியும் வந்துவிட்டார். அந்தப் பையன் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை.

அதனால் 2021-க்குப் பிறகு நடந்த மாற்றங்களை நான் நியாயம் என்றே சொல்வேன். அந்த ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. 2018-இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்து அணி மாறுவதற்கான தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, 2024-இல் படிப்பில் தகுதியுள்ளவர் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அறுபது வருட ஒப்புதல் கடிதத்தையே எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தபின், ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து தரலாம் என்றானது.

ஒருபக்கக் கட்டு அவிழ்ந்தது, சரி. இருபக்கக் கட்டு வந்ததா? இல்லை. இப்போது யாரையும் எதுவும் கட்டவில்லை. 2024 ஏப்ரலில் பயிற்சியாளர் ஜான் கலிபாரி கென்டக்கிப் பல்கலைக்கழகத்தை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனபோது, கென்டக்கிக்கு வருவதாகச் சொல்லியிருந்த பள்ளி மாணவர்களில் சிலர் அவர் பின்னாலேயே போனார்கள். அவர்களில் ஒருவரான பூகி ஃப்ளாண்ட் ஓராண்டு ஆடிவிட்டு ஃப்ளோரிடாவுக்கு மாறினார். பழைய விதியில் அவர் அணி மாறுவதற்கான தடைகளோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அந்த வகையில் இது முன்னேற்றம்தான். நட்சத்திரங்களுக்கு எந்த ஏற்பாடும் கடைசியில் வசதியாகவே முடிகிறது.

அடிபடுகிறவன் நடுத்தர ஆட்டக்காரன். நவம்பரில் ஒரு பையன் உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். ஆட்டப்பருவம் முடியும் நேரத்தில் போர்ட்டல் திறக்கிறது. ஒரு வசந்தத்தில் முதல் பிரிவு ஆண்கள் அணிகளிலிருந்து மட்டும் 2,000-க்கு மேற்பட்ட பெயர்கள் அதில் விழுகின்றன. பயிற்சியாளருக்கு முன்னால் இரண்டு பேர்: தசை முற்றிய, நூறு ஆட்டம் ஆடிய இருபத்திரண்டு வயதுக்காரர், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பையன். தோற்றால் வேலை போகும் மனிதர் யாரை எடுப்பார் என்று கேட்கவே வேண்டாம். பையன் தேர்ந்தெடுத்த அணி, அவன் போய்ச் சேரும்போது வேறு அணியாக இருக்கிறது. ஒரு காலத்தில் முதலாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது இயல்பான படிநிலை. இன்று அது வெளியேறச் சொல்லும் சாடை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. பிற்காலத்தில் என்.பி.ஏ.வில் புகழ்பெற்ற ஸ்டீஃபன் கரியின் தந்தை டெல் கரி வர்ஜீனியா டெக்கின் நட்சத்திரம். அங்கே மகனுக்கு உதவித்தொகை இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் இடம்தான் கிடைத்தது. ஒல்லியான பையன் டேவிட்சன் என்ற சிறு கல்லூரிக்குப் போனார்; 2008-இல் அந்த அணி நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால் அடுத்த மாதமே பெரிய பல்கலைக்கழகம் ஒன்று லட்சங்களோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். அவர் போயிருந்தால் தவறென்று யார் சொல்ல முடியும்? டேவிட்சனுக்கு நஷ்டம், அவருக்கு லாபம். சிறு கல்லூரிகள் நாற்றங்காலாக மாறுகின்றன என்று புலம்புகிறவர்கள், அந்த நாற்று வேறு வயலுக்குப் போக விரும்பலாம் என்பதை ஏற்கத் தயங்குகிறார்கள். இதில் நான் ஆட்டக்காரர் பக்கம்தான்.

ஆனால் போகும் உரிமையும் இருக்கும் உரிமையும் ஒன்றல்ல. கரிக்கு முதலாவது போதும். அணியின் பதினைந்தாவது இடத்துக்கு வரும் பையனுக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டு ஆண்டுகளுக்காவது இரு தரப்பையும் பிணைக்கும் ஒப்பந்தம். பயிற்சியாளர் போனால் அபராதமின்றி விலகும் வழி. அணியிலிருந்து நீக்கினாலும் படிப்புச் செலவு பட்டம் வரை. இவை எதுவும் கற்பனைக்கு எட்டாதவை அல்ல. என்.பி.ஏ.வில் ஒப்பந்தங்களும் கட்டுப்பாடுகளும் நீதிமன்றத்தில் நிற்பதற்குக் காரணம், எதிரே உட்கார்ந்து பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று இருப்பது. கல்லூரியில் அப்படி எதிரே உட்கார ஆளில்லை. அதனால் என்.சி.ஏ.ஏ. தானே எழுதும் ஒவ்வொரு விதியும் வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்காகிறது.

அந்த நாற்காலியில் உட்கார ஒருமுறை முயன்றவர்கள் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியினர். விளையாட்டு உதவித்தொகையே தராத கல்லூரி அது. 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைக்க முடிவு செய்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் சங்கத்துக்கான மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.