டிரைவ் மேல் பழி போடாதீர்கள்

இன்டெல் 965 சிப்செட் போர்டில் உபுண்டு 6.10-இன் ஆல்டர்நேட் சிடியைப் போட்டால் கணினி அந்தச் சிடியிலிருந்தே பூட் ஆகிறது. நிறுவல் திரை வருகிறது, மொழி கேட்கிறது, பிறகு சிடி டிரைவே இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. கேபிளை மாற்று, ஜம்பரைப் பார், டிரைவையே மாற்று என்பதுதான் வழக்கமான வைத்தியம். என் கணிப்பில் இது காசுக்குக் கேடு. டிரைவ் பழுதென்றால் அந்தத் திரையே வந்திருக்காது. கெர்னலை சிடியிலிருந்து படித்துக் கொடுத்தது பயாஸ். பொறுப்பை வாங்கிக்கொண்ட கெர்னலுக்கோ சொந்த டிரைவர் வேண்டும். சிக்கல் அங்கேதான். 2006-இல் 965-உடன் வந்த ஐசிஎச்8 துணைச் சிப்பில் இன்டெல் ஐடிஇ போர்ட்டைக் கைவிட்டது. சந்தையில் இருந்த டிவிடி டிரைவ்களில் பெரும்பாலானவை அப்போதும் ஐடிஇ ரகம். அதனால் போர்டு தயாரிப்பாளர்கள் பலர் ஜேமைக்ரானின் ஜேஎம்பி363 போன்ற தனிச் சிப்பை வைத்து ஒரு போர்ட்டை ஒப்பேற்றினார்கள். உபுண்டு 6.10-இல் இருக்கும் 2.6.17 கெர்னலுக்கு அந்தச் சிப்பை ஓட்டத் தெரியாது.

எல்எஸ்பிசிஐ கட்டளையில் 197பி:2363 என்ற எண் தெரிந்தால் சிப் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்து டிமெசேஜைப் பாருங்கள். சாட்டா ஹார்டு டிஸ்க் மாடல் பெயரோடு வந்து நிற்கும். ஐடிஇ பக்கம் ஒரு வரிகூட இருக்காது. கேபிள் கோளாறு என்றால் டைம்அவுட், ரீசெட் என்று கெர்னல் புலம்பித் தள்ளியிருக்கும். டிரைவை பயாஸ் காட்டுகிறது, கெர்னல் வாயே திறக்கவில்லை என்றால், டிரைவர் இல்லை என்று பொருள்.

பூட் வரியில் ஆல்-ஜெனரிக்-ஐடிஇ என்று சேர்த்தால் போதுமே என்பார்கள். பல போர்டுகளில் போதும்தான், நிறுவி முடிக்கும் வரை. பொது டிரைவருக்கு இந்தச் சிப்பின் நுணுக்கம் தெரியாது. டிஎம்ஏ கிடைக்காத இடத்தில் டிவிடி எழுதும்போது பிராசஸர் மூச்சுத் திணறும். முறையான தீர்வு, 2006 நவம்பரில் வெளியான 2.6.19 கெர்னலில் அதன் நிரலாளர் ஆலன் காக்ஸின் உழைப்பால் சேர்ந்த பாட்டா (அதாவது ஐடிஇ) டிரைவர்கள். அவற்றின் மேல் 'சோதனை நிலை' என்ற முத்திரை இருந்தது உண்மை. ஆனால் டிரைவே தெரியாத கெர்னலை நிலையானது என்று கொண்டாடுவதில் என்ன லாபம்? ஹெச்டிசி என்று பழகிய டிரைவ் எஸ்ஆர்0 ஆகிவிடும் என்பது இன்னொரு முறையீடு. அது நியாயம், சிடி எழுதும் நிரலிலும் எஃப்எஸ்டேபிலும் பெயரைத் திருத்தத்தான் வேண்டும். ஐந்து நிமிட வேலை. புதிதாக நிறுவுபவருக்கு அந்தத் தொல்லையும் வேண்டாம், 2.6.20 கெர்னலோடு வந்த 7.04-ஐ எடுத்தால் போதும்.

டிரைவை மாற்றியதும் சரியானதே என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். வாங்கியது சாட்டா டிரைவ் என்றால் அது ஐசிஎச்8-இன் போர்ட்டுக்குப் போயிருக்கும். உண்மையில் மாறியது போர்ட். கழற்றிய பழைய டிரைவை ஐசிஎச்7 போர்டு ஒன்றில் மாட்டிப் பாருங்கள், அதே 2.6.17-இல் ஓடும்.