பாடம் எழுதுகிறவர் எங்கே?

இணையவழிப் பாடம் தயாரிக்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் முதலில் மைக் வாங்குகிறார், அடுத்து விளக்கு. பாடத்தை எழுதுவது கடைசி வேலையாகிவிடுகிறது. தமிழில் இந்தத் துறை தொடங்கிய விதம் இதற்கு நேர்மாறு.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி முன்னின்று வளர்த்த அந்நிறுவனமே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் பட்டப் படிப்புப் பாடம் எதையாவது திறந்து பார்த்தால் பாட ஆசிரியரின் கை தெரியும். பாடம் என்ன சொல்கிறது, படித்தால் என்ன பயன் என்பவை தொடக்கத்திலேயே வந்துவிடும். அடுத்துச் சிறு சிறு பகுதிகள், நடுவே ‘தன்மதிப்பீடு’ என்ற தலைப்பில் சில வினாக்கள், விடையைச் சொடுக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம், இறுதியில் தொகுப்புரை. நடை சில இடங்களில் பாடநூல் போல வறண்டிருப்பது உண்மைதான். ஆனால், எதிரே ஆசிரியர் இல்லாத மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டி யோசித்தவர் எழுதியது அது.

இந்த யோசனை அஞ்சல்வழிக் கல்வியிலிருந்தே வந்தது எனலாம். இணையம் வருவதற்கு வெகு முன்பே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடக்கட்டுகள் தபாலில் வரத் தொடங்கிவிட்டன. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்கிய ஒரு தலைமுறைக்கு அந்தக் கட்டுகள்தான் வகுப்பறை.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற திட்டம் வேறு வகை. பேராசிரியரின் வகுப்பைப் படம்பிடித்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது அது. பின்னர் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தபோதுதான் பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் என்று வரையறை பெற்றன. வாராவாரம் ஒப்படைப்பு, முடிவில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளமோ காணொளி, எழுத்துப் பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு கூறுகளும் வேண்டும் என்றது. காணொளி மட்டும் பாடமாகிவிடாது என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதைப் படிக்கலாம். என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் இப்போது தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழாக்குவது ஒரு வேலை, தமிழில் யோசித்துப் பாடம் அமைப்பது இன்னொரு வேலை.

இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு வெளியே இருந்தார்கள். யூடியூபில் தமிழில் நிரல் சொல்லிக் கொடுத்து வளர்ந்த குவி நிறுவனத்தின் பெரும்பங்கை 2022இல் எச்.சி.எல். வாங்கியது. இன்னொரு பக்கம், 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழில் நித்யா துரைசாமி மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றித் தொடராக எழுதினார். அது மின்னூலாகி, யாரும் இறக்கிப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. கட்டளையைத் தட்டு, திரையில் என்ன வருகிறது பார், அடுத்ததற்குப் போ என்பதே அந்த எழுத்தின் போக்கு. கணியம் வழியாகப் பின்னர் இணைய வகுப்புகளும் நடந்தன. அச்சு நூலின் நீளமான முன்னுரைகளைவிட இந்தத் துண்டுத் துண்டான எழுத்துதான் இணையப் பாடத்துக்கு நெருக்கமானது.

காசு விஷயம் கொஞ்சம் கசப்பு. பாடம் விற்கும் உடெமி தளத்தில் ஆசிரியர் தன் சொந்த இணைப்பின் வழியே மாணவரைக் கூட்டிவந்தால் விலையில் 97% அவருக்கு. தளமே தேடிப் பிடித்து விற்றால் 37%தான். ஆள் சேர்க்கத் தெரிந்தவருக்கு லாபம், எழுத மட்டும் தெரிந்தவருக்கு அவ்வளவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் நின்று பார்த்தால் இன்னொரு குறை தெரிகிறது. சுற்றிலும் நூற்பாலைகள். புதிதாகச் சேர்கிறவர் ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷினில் அறுந்த நூலைப் பிடித்து இணைக்க, பக்கத்தில் நிற்கும் அக்காவைப் பார்த்துத்தான் பழகுகிறார். கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சியை இங்குள்ள போன் திரைக்குக் கொண்டுவர ஐந்து நிமிடப் பாடங்கள் போதும்: விரலைக் கிட்டத்தில் காட்டும் படம், கூடவே நாலு வரி, தப்பாகப் பிடித்தால் நூல் எங்கே தடிக்கும் என்று ஒரு கேள்வி. பல ஆலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் இருப்பதால் அந்த நாலு வரி இந்தியிலும் வேண்டியிருக்கும். பாடத்தைச் சொல்ல வேண்டியவர் கணினி வல்லுநர் அல்ல. இருபது வருடம் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்ற ஃபிட்டர். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு பாட ஆசிரியர் வேண்டும், அந்த எழுத்து வேலைக்கு ஆசிரியருக்குச் சம்பளமும் வேண்டும்.